நோயாளிக்கு மட்டும் தனிச் சமையல் ஏன்?

நண்பகல் பன்னிரண்டரை மணி அளவில் எங்கள் மருத்துவமனையின் உள்நோயாளிகள் பிரிவுக்கு வீட்டுச் சாப்பாடு வந்து சேரும். பாபநாசம், திருவையாறு, ஒரத்தநாடு எனப் பல ஊர்களிலிருந்தும் பேருந்தில் மடிமேல் வைத்துக் கொண்டுவரப்பட்ட டிபன் கேரியர்கள் திறக்கப்படும்போது, உணவியல் ஆலோசகராகிய நான் ஒரே காட்சியைப் பலமுறை கண்டிருக்கிறேன். மேலடுக்கில் நோயாளிக்கான முட்டைக்கோஸ் இருக்கும். அது உப்பும் தாளிப்பும் இன்றி நீரில் வேகவைக்கப்பட்டு வெளிறிப்போனதாக இருக்கும். கீழடுக்கில் உடன் இருப்பவருக்கான முட்டைக்கோஸ், கடுகும் கறிவேப்பிலையும் தேங்காய்த் துருவலும் மணக்கும் பொரியலாக இருக்கும். இரண்டும் ஒரே காயிலிருந்து நறுக்கப்பட்டவை. அடுப்பில் ஏறும்போதுதான் அது இரண்டாகிவிடுகிறது.

அண்மையில் சர்க்கரை நோய்க்காகச் சேர்க்கப்பட்டிருந்த ஒரு விவசாயியின் மனைவி, "அவருக்குத் தனியா அவிச்சு எடுத்தாந்துட்டேங்கம்மா. உப்பு, எண்ணெய் எதுவும் சேக்கல" என்று பெருமையுடன் என்னிடம் சொன்னார். கணவர் ஒன்றும் பேசவில்லை. அந்த அம்மையார் பாத்திரம் கழுவச் சென்றபின், அவர் தாழ்ந்த குரலில், "வீட்டுக்குப் போனா ஒரு வாரம் இதச் சாப்புடுவேம்மா. அதுக்கு மேல முடியாது. பழையபடி ஆயிடும்" என்றார். அவர் சொன்னது உண்மை. நாங்கள் எழுதித் தரும் உணவு முறைகளுள் பல, வீட்டுக்குச் சென்ற சில வாரங்களில் கைவிடப்படுவதற்கு முதற்காரணம் மருந்தின் விலையோ மனவுறுதியின்மையோ அன்று, வாய்க்கு ஒவ்வாமையே.

ஆகவே என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு ஆகியவற்றுக்காக உணவை மாற்றிக்கொள்ள வேண்டிய ஒருவருக்கு வீட்டில் தனிச் சமையல் செய்யும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். அவருக்கு ஏற்ற உணவைச் சுவையாகச் சமைத்து, அதையே வீட்டார் அனைவரும் உண்ண வேண்டும். முட்டைக்கோஸ் பொரியல் இதைத் தொடங்குவதற்கு எளிய இடம்.

பத்தியம் என்பது நம் மரபில் நாள் கணக்குடையது. பிள்ளை பெற்றவளுக்கு இத்தனை நாள், மருந்து உண்பவருக்கு ஒரு மண்டலம் என்று எல்லை உண்டு. முடியும் நாள் தெரிந்திருப்பதால் நாக்கை அடக்கிக்கொள்ள இயலும். சர்க்கரை நோய்க்கு அத்தகைய நாள் இல்லை. இருபது, முப்பது ஆண்டுகள் அதனுடன் வாழ வேண்டியவரை, நாற்பது நாள் பத்தியம் போன்ற உணவில் வைத்திருக்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. இத்தனை கோடிப் பேருக்கும் வீட்டுக்குள் ஒரு தனி அடுப்பு என்பது நடவாத செயல்.

காவிரிப் படுகையில் இச்சிக்கலுக்கு இன்னொரு முகம் உண்டு. நம் தட்டில் சோறு மலையாகவும் காய் அதன் அடிவாரத்தில் ஒரு கரண்டியாகவும் இருக்கும். குறுவையிலும் சம்பாவிலும் நாள் முழுவதும் நடவு நட்டு, களை பறித்து, கதிர் அறுத்துக் கட்டுச் சுமந்தவர்களுக்கு அந்தச் சோறு தேவையாக இருந்தது. இன்று உழவுக்கும் அறுவடைக்கும் இயந்திரம் வந்துவிட்டது, நடவுக்கும் வந்துகொண்டிருக்கிறது. உடலுழைப்பு குறைந்த அளவுக்குச் சோற்றின் அளவு குறையவில்லை. காயோ இன்றும் 'தொட்டுக்கொள்ள' என்ற பெயரிலேயே நிற்கிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கிராம் காய்கறியும் கீரையும், 100 கிராம் பழமும் உண்ண வேண்டும் என்கின்றன. ஒரு கரண்டிப் பொரியல் 50 கிராம்கூட வாராது.

இவ்விடைவெளியை நிரப்ப முட்டைக்கோஸை நான் முன்வைப்பதற்குக் காரணம் உண்டு. அது நம் மண்ணின் காய் அன்று. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் உதகையில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிடச் செய்தார். முட்டைக்கோஸ் அவ்வழியே நம் மலைகளில் வேரூன்றியது. அதனால்தான் இன்றும் பல வீடுகளில் அது 'இங்கிலீஷ் காய்'. வாழைக்காயும் புடலங்காயும் பாகற்காயும் இடம்பெறும் திதிச் சமையலில் முட்டைக்கோஸுக்கு இடமில்லை. ஆயினும் நாள்தோறும் மலைப் பகுதிகளிலிருந்து லாரிகளில் இறங்கி, தஞ்சாவூர் காமராஜ் மார்க்கெட்டிலிருந்து சிற்றூர்க் கடை வரை ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. பெரும்பாலான நாள்களில் விலை குறைவு. நான்கு நாள் வைத்திருந்தாலும் கெடாது. 100 கிராம் முட்டைக்கோஸில் சுமார் 25 கலோரியே உண்டு. இரண்டு கிராமுக்கு மேல் நார்ச்சத்தும், குறிப்பிடத்தக்க அளவு வைட்டமின் சி-யும் கிடைக்கின்றன. ஒரு கிண்ணம் சோற்றிலோ ஏறத்தாழ 200 கலோரி உண்டு; நார்ச்சத்து ஒரு கிராமும் தேறாது.

அப்படியானால் நோயாளிகள் அதை வெறுப்பது ஏன்? நாம் அதைக் கெடுத்துச் சமைப்பதே காரணம். முட்டைக்கோஸில் கந்தகச் சேர்மங்கள் உள்ளன. நெடுநேரம் நீரில் கொதிக்கும்போது அவை சிதைந்து, அழுகிய முட்டையை நினைவூட்டும் வாடையைத் தருகின்றன. வைட்டமின் சி-யில் ஒரு பகுதி வெப்பத்தில் அழிகிறது; ஒரு பகுதி நீரோடு போகிறது. சத்துக்காக அவித்தோம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்க, சத்தும் சுவையும் ஒருங்கே வடிக்கப்படுகின்றன. குறைந்த நீரில், குறைந்த நேரத்தில் வேகும் பொரியலே இரண்டையும் காக்கும்.

நான்கு பேருக்கு அரைக் கிலோ முட்டைக்கோஸ் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிதழ்கள் இரண்டு மூன்றை நீக்கி, நான்காகப் பிளந்து, மஞ்சள்தூளும் உப்பும் கலந்த நீரில் பத்து நிமிடம் மூழ்கவைத்து, ஓடும் நீரில் அலசுங்கள். நடுத்தண்டை நீக்கிப் பொடியாக நறுக்குங்கள். நறுக்கியபின் கழுவ வேண்டாம். இரண்டு மேசைக்கரண்டி பாசிப்பருப்பை முன்னதாகவே அரைமணி நேரம் ஊறவைத்திருங்கள்.

வாணலியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, கடுகு வெடித்தபின் உளுத்தம்பருப்பு, இரண்டு காய்ந்த மிளகாய், சிறிது பெருங்காயம், கறிவேப்பிலை சேர்த்துத் தாளியுங்கள். ஊறிய பருப்பைச் சேர்த்து ஒரு கை நீர் தெளித்து மூன்று நிமிடம் மூடிவையுங்கள். பிறகு முட்டைக்கோஸைப் போட்டு, மிதமான தீயில் மூடி, இடையிடையே கிளறி, ஆறு ஏழு நிமிடம் வேகவிடுங்கள். இலையில் ஒட்டிய நீரே போதும். அடிப்பிடித்தால் மட்டும் சிறிது தெளிக்கலாம். உப்பை இறுதியில் சேருங்கள். பச்சையாக இருக்கும்போது குவியலாகத் தெரியும் காய், வதங்கியபின் பாதியாகச் சுருங்கும். குவியலைப் பார்த்து உப்பிட்டால் கரிக்கும். நாக்கும் அந்த உப்புக்குப் பழகிவிடும். நான்கு பேருக்கு அரைத் தேக்கரண்டி உப்புப் போதும். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலைத் தூவி, அடுப்பை அணைத்தபின் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து இறக்குங்கள். புளிப்பு சேரும்போது உப்பு குறைவாக இருப்பது நாக்குக்குத் தெரியாது.

"எண்ணெயும் தேங்காயும் கூடாது என்றார்களே?" என்று சிலர் தயங்கலாம். கணக்கிட்டுப் பாருங்கள். ஒருவருக்கு வருவது அரைத் தேக்கரண்டி எண்ணெய், அரை மேசைக்கரண்டித் தேங்காய், ஏறத்தாழ முக்கால் கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவாக உப்பைக் கொள்ளச் சொல்கிறது. ஒரு துண்டு ஊறுகாயையும் இரண்டு அப்பளத்தையும் தள்ளிவைத்தால், இப்பொரியலுக்கான உப்பு எளிதில் ஈடாகிவிடும். சுவையைக் கொடுக்கும் இச்சிறு அளவை மறுத்து, அதனால் காயையே நோயாளி மறுக்கும்படி செய்வது எவ்வகையில் பாதுகாப்பு?

வீட்டார் அனைவரும் ஒன்றையே உண்பதன் வலிமைக்குக் கடலிலிருந்து ஒரு சான்று தருகிறேன். 1768-இல் எண்டெவர் கப்பலில் புறப்பட்ட கேப்டன் ஜேம்ஸ் குக், ஸ்கர்வி நோயைத் தடுக்கப் புளிக்கவைத்த முட்டைக்கோஸை ஏற்றிச் சென்றார். மாலுமிகள் முதலில் அதைத் தொடவில்லை. குக் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அதிகாரிகளின் மேசையில் நாள்தோறும் அதைப் பரிமாறச் செய்தார். மாலுமிகள் விரும்பினால் உண்ணலாம், விரும்பாவிட்டால் விடலாம் என்றார். ஒரு வாரத்துக்குள் ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்க வேண்டிய நிலை வந்ததாக அவரே தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பெரியவர்கள் விரும்பி உண்பதையே மற்றவர்களும் விரும்புகிறார்கள். நோயாளிக்கு மட்டும் ஒதுக்கிய உணவு தண்டனையாகவே தோன்றும்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தனிச் சமையலின் சுமை பெரும்பாலும் ஒரு பெண்ணின் தோளில் விழுகிறது. விடியலில் எழுந்து இரண்டு வகையாகச் சமைத்து, பேருந்து பிடித்து, மருத்துவமனை வந்து, மாலையில் வீடு திரும்பும் அவருக்கும் பல நேரங்களில் இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருக்கும். அவரும் பிள்ளைகளும் அதே பொரியலை உண்டால் அவர்களுக்கும் நன்மை, வேலையும் பாதி.

உண்ணும் முறையிலும் ஒரு மாற்றம் வேண்டும். நம் விருந்து இலையில் பொரியலும் கூட்டும் முதலில் வந்துவிடும். சோறு பிறகே வரும். நாம் சோறு வரும்வரை காத்திருக்கிறோம். வீட்டில் அவ்வாறு காத்திருக்க வேண்டாம். பொரியலில் பாதியை முதலில் உண்டுவிட்டுச் சோற்றைத் தொடுங்கள். காய்கறியை முதலிலும் மாவுச்சத்தைப் பின்னரும் உண்டால், உணவுக்குப் பின் இரத்தச் சர்க்கரை ஏறும் அளவு குறைவதை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. காய் ஒரு பிடி கூடும்போது சோற்றில் ஒரு பிடி குறைய வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். சோற்றைக் குறைக்காமல் காயை மட்டும் கூட்டினால் பயன் சிறிதே.

எல்லாருக்கும் ஒன்றே என்று நான் சொன்னாலும் சிலர் கவனமாக இருக்க வேண்டும். வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உண்பவர்களுக்கு முட்டைக்கோஸிலுள்ள வைட்டமின் கே முக்கியம். இவர்கள் அதைத் திடீரெனக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. அளவை மருத்துவரிடம் கேட்டு ஒரே சீராக வைத்துக்கொள்ள வேண்டும். சிறுநீரக நோயாளிகளுள் பொட்டாசியக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டவர்கள் மட்டும் மருத்துவர் சொற்படி வேகவைத்த நீரை வடித்துவிட்டுத் தாளிக்கலாம். குடல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அறுவை மருத்துவர் அனுமதித்த பின்னரே உண்ண வேண்டும். தைராய்டு குறைவுள்ளவர்கள் அயோடின் உப்பைப் பயன்படுத்திவந்தால், சமைத்த முட்டைக்கோஸை வழக்கமான அளவில் உண்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. வாயுத் தொல்லை உள்ளவர்கள் சிறிதளவில் தொடங்கி மெல்லக் கூட்டலாம். முட்டைக்கோஸ்ப் புழு மூளைக்குப் போய்விடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. அசுத்தமான நீராலும் மண்ணாலும் நாடாப்புழுவின் முட்டைகள் எந்தக் காய்கறியிலும் ஒட்டியிருக்கக்கூடும். நன்றாக அலசி, நன்றாக வேகவைத்தால் அவை அழிந்துவிடும். பச்சையாக உண்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

அந்த விவசாயியின் மனைவியிடம் அன்று மாலை இவ்வளவையும் சொன்னேன். மறுநாள் கேரியரில் முட்டைக்கோஸ் ஓர் அடுக்கில் மட்டுமே இருந்தது. இருவரும் அதிலிருந்தே பகிர்ந்து உண்டார்கள். அவர் உண்டு முடித்து, "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று மனைவியிடம் கேட்டார். ஒரு வாரத்துக்கு மேல் முடியாது என்றவர் கேட்ட கேள்வி அது. வீட்டுக்குச் சென்ற பின்னும் அவர் அதையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமென்றால், அந்த வீட்டில் எல்லார் தட்டிலும் அதே பொரியல் இருக்க வேண்டும்.