நெருக்கம் வேறு, நெரிசல் வேறு

சில வாரங்களுக்கு முன், சனிக்கிழமை வகுப்பு முடிந்த பிறகு, மாணவி ஒருவரின் தந்தை என்னிடம் ஒரு தாளை நீட்டினார். தம் புளோக்கிற்கு எதிரே உள்ள புல்வெளியில் உயரமான வீடுகள் கட்டக்கூடாது என்று கோரும் மனு அது. "சார், நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கள். இருக்கிற நெரிசலே தாங்க முடியவில்லை" என்றார். ஐந்து நிமிடம் முன்புதான், திருமணமான தம் மூத்த மகனுக்கு பிடிஓ குலுக்கலில் இருமுறையும் வீடு கிடைக்கவில்லை என்று அவர் வருந்திக்கொண்டிருந்தார். நான் கையெழுத்திடவில்லை. அவர் முகம் வாடியது. காரணத்தை அங்கே நின்று விளக்க இயலவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

தமிழாசிரியன் ஆகையால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். நெருக்கம் வேறு, நெரிசல் வேறு. ஒரு நிலத்தில் பல வீடுகள் இருப்பது நெருக்கம். ஒரு வீட்டிற்குள் பலர் முட்டிமோதுவது நெரிசல். அக்காலச் சிராங்கூன் சாலையிலும் சைனாடவுனிலும் கடைவீடுகள் இரண்டு, மூன்று மாடிகளைத் தாண்டவில்லை. ஆனால், உள்ளே பலகைத் தடுப்புகளுக்கிடையே அறைக்கு ஒரு குடும்பம் வாழ்ந்தது. 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. 1961-இல் புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அவர்களுக்கும் அவர்களைப் போன்றோருக்கும் கூரை தந்தவை அடுக்குமாடிகளே. உயரக் கட்டியதால்தான் நம் நெரிசல் தீர்ந்தது. இதை மறந்துவிட்டு நெரிசலுக்கு அஞ்சி உயரத்தை எதிர்க்கிறோம்.

லிட்டில் இந்தியாவுக்கு வருவோர் 'ரேஸ் கோர்ஸ் சாலை' என்ற பெயரைக் கவனித்திருப்பீர்கள். 1840-களில் ஃபேரர் பார்க்கில் குதிரைப் பந்தயத் திடல் அமைந்தது. 1933-இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கும், 1999-இல் கிராஞ்சிக்கும் இடம்பெயர்ந்தது. 2024 அக்டோபரில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. ஃபேரர் பார்க்கில் ஏறத்தாழ 1,600 வீடுகள் கட்டும் திட்டம் 2021-இல் அறிவிக்கப்பட்டது. புக்கிட் தீமாவின் பழைய பந்தய நிலத்தில் 15,000 முதல் 20,000 வீடுகள் வரை அமையும் என்று 2024-இல் அறிவித்தார்கள். குதிரைகளுக்கு மூன்று முறை இடம் கொடுத்த ஊர் இது. நம் பிள்ளைகளுக்கு என்றால் மட்டும் ஏன் நமக்கு மூச்சு முட்டுகிறது?

ஆசிரியர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2023-இல் ஸ்டாம்ஃபோர்டு தொடக்கப்பள்ளி ஃபேரர் பார்க் தொடக்கப்பள்ளியுடன் இணைக்கப்பட்டது. பிறப்பு குறைந்தது பொதுவான காரணம். ஆனால் இளங்குடும்பங்கள் பொங்கோலுக்கும் செங்காங்கிற்கும் போய்விட்டால், நகரின் நடுவில் உள்ள பள்ளிகளில் அமர யார் இருக்கிறார்கள்? ஒரு பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் மிகச் சிலராகும்போது, அவர்கள் பள்ளி நேரம் முடிந்து வேறொரு நிலையத்திற்குப் பயணம் செய்து படிக்க வேண்டியிருக்கிறது. களைத்த கண்களோடு வரும் பிள்ளைக்கு இலக்கணம் நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தூரம் என்பது வெறும் கிலோமீட்டர் கணக்கன்று.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதை நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டம் வரையறுக்கிறது. டக்ஸ்டனில் 2009-இல் கட்டிமுடிக்கப்பட்ட பினக்கல், சுமார் இரண்டரை ஹெக்டர் நிலத்தில் 50 மாடிகளாக எழுந்து, 1,848 வீடுகளைத் தாங்கி நிற்கிறது. மறுபுறம், 'குட் கிளாஸ் பங்களா' பகுதிகள் 39 உள்ளன. அங்கே மனைக்குக் குறைந்தது 1,400 சதுர மீட்டர். உயரம் இரண்டு மாடிக்கு மேல் கூடாது. பினக்கல் நிற்கும் அதே அளவு நிலத்தில் அவ்வகையில் 17 பங்களாக்களே அடங்கும். 1,848 குடும்பங்களா, 17 குடும்பங்களா? மொத்தம் 735 சதுர கிலோமீட்டர் அளவே உள்ள தீவில் இந்தக் கேள்வியைக் கேட்பது பொறாமையன்று. எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள தாழ்வான குடியிருப்பு நிலங்களிலேனும் அந்த மடங்கை உயர்த்த வேண்டும்.

"பாரம்பரியம் என்னாவது?" என்பீர்கள். நியாயமான கேள்வி. லிட்டில் இந்தியாவின் கடைவீடுகள் 1989 முதல் பாதுகாக்கப்பட்டு வருகின்றன; அவற்றில் ஒரு செங்கல்லையும் தொடச் சொல்லவில்லை. ஆனால் அதே வட்டாரத்தில், தேக்கா சந்தையை ஒட்டியே வீவக அடுக்குமாடிகளும் நிற்கின்றன. அவற்றால் தேக்கா கெட்டுவிடவில்லை. அங்கே குடியிருப்போர் தினமும் காய்கறி வாங்குவதால்தான் அது சுற்றுப்பயணிகளுக்கான காட்சிப்பொருளாகிவிடாமல் சந்தையாகவே இருக்கிறது. ரயிலில் கூட்டம் மிகும் என்றால் கூடுதல் ரயில் கேளுங்கள். மருந்தகம் போதாதென்றால் மருந்தகம் கேளுங்கள். வீடே வேண்டாம் என்று கேட்காதீர்கள்.

ஊருக்கு மட்டும் உபதேசம் செய்வதாக எண்ண வேண்டாம். என் வீட்டுச் சன்னலுக்கு எதிரேயும் ஒரு கட்டடம் எழுந்துகொண்டிருக்கிறது. மாலையில் நான் பார்த்திருந்த வானம் மாடி மாடியாகக் குறைகிறது. இழப்புதான்; மறுக்கவில்லை. ஆனால் நான் நிற்கும் இந்த ஒன்பதாம் மாடியும் ஒருகாலத்தில் யாரோ ஒருவருடைய வானத்தை மறைத்துத்தான் எழுந்தது. அவர் மனுப் போட்டு வென்றிருந்தால் நான் எங்கே குடியிருந்திருப்பேன்?

அந்தத் தந்தை இதைப் படிப்பார் என்று நம்புகிறேன். ஐயா, அந்தப் புல்வெளியில் வரப்போகும் வீடுகளில் ஒன்று உங்கள் மகனுடையதாக இருக்கலாம். கையெழுத்திடும் முன் அவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.