உபரி யாருக்கு?

உபரி நிலம் என்ற சொல் நமது விவசாயத் தொழிலாளிக்குப் புதிதல்ல. 1961-ல் உச்சவரம்புச் சட்டம் வந்த நாள் முதலாக அதைக் கேட்டு வருகிறார். காகிதத்தில் எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு என்பதும் அவருக்குத் தெரியும். இதே சொல்லுக்கு அமெரிக்காவில் வேறொரு கதை உண்டு. அங்கே உபரி என்று பெயர் சூட்டித்தான் பூர்வகுடிகளின் நிலத்தைப் பறித்தார்கள். பிறகு சர்க்காரின் கையில் உபரியாகக் கிடந்த சொத்தைப் பூர்வகுடிகள் கேட்டபோது, அவர்களை வாசலில் நிறுத்தி வைத்தார்கள்.

1887-ல் டாஸ் சட்டம் வந்தது. குலம் முழுவதற்கும் பொதுவாக இருந்த நிலத்தைத் துண்டு போட்டார்கள். குடும்பத் தலைவனுக்கு 160 ஏக்கர். பங்கிட்டது போக மிஞ்சியது உபரியாம்! அந்த உபரியை வெள்ளைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டார்கள். பங்காகக் கிடைத்த துண்டுகளும் வரியாலும் கடனாலும் கை மாறின. 1887-ல் பூர்வகுடிகளிடம் இருந்தது சுமார் 13 கோடியே 80 லட்சம் ஏக்கர். 1934-ல் மிஞ்சியது 4 கோடியே 80 லட்சம். மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. உபரி என்ற ஒரு சொல் இவ்வளவும் செய்தது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் சர்க்காரிடம் சாமான் மலைபோல் குவிந்தது. 1949-ல் அதற்கென்று ஒரு சட்டம் செய்தார்கள். ஒரு இலாகாவுக்கு வேண்டாத பொருளை முதலில் மற்ற மத்திய இலாகாக்கள் எடுத்துக்கொள்ளலாம். பிறகு மாநில ஏஜென்சிகள் வழியாகப் பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரிகளும், நாளடைவில் நகரசபைகளும் கவுண்டிகளும் பெற வழி பிறந்தது. அதற்கும் மிஞ்சினால் ஏலம். லாரி, மண் சமப்படுத்தும் இயந்திரம், தீயணைப்பு வண்டி, ஆஸ்பத்திரிக் கட்டில், ஜெனரேட்டர் எல்லாம் இதில் அடக்கம். பொருள் இனாம், ஏஜென்சியின் கட்டணமும் ஏற்றிச் செல்லும் செலவும் பெறுகிறவருடையது. மில்லில் ஓரங்கட்டிய மெஷின் காயலான் கடைக்குப் போவதைப் பார்த்த தொழிலாளிக்கு இந்த ஏற்பாடு நல்லது என்றே தோன்றும். நல்லதுதான். ஆனால் யாருக்கு?

பூர்வகுடிக் குலங்களுக்குச் சொந்த சர்க்கார் உண்டு. தேர்ந்தெடுத்த சபை, கோர்ட், போலீஸ், பள்ளிக்கூடம் உண்டு. அவர்களோடு அமெரிக்க சர்க்காரே ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. ஆயினும் 1976-ல் சட்டத்தைத் திருத்தி, மாநிலங்கள் வழியாகப் பொருள் பெறத்தக்க பொது அமைப்புகள் எவை என்று எழுதியபோது, மாநில ரிசர்வேஷனில் வாழும் குலங்களை மட்டும் சேர்த்தார்கள். பெரும்பாலான குலங்களோ மத்திய சர்க்காரின் ரிசர்வேஷன்களில் வாழ்கிறவர்கள். பக்கத்துக் கவுண்டி பெறும் லாரியை, பனியில் சாலை மூடிக் கிடக்கும் குலம் அதே ஜன்னலில் கேட்க முடியாது! அவர்களுக்கு 1975-ம் வருஷச் சட்டத்தில் தனி வழி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. குலம் ஒப்பந்தத்தில் எடுத்து நடத்தும் வேலைகளுக்காக, இந்திய விவகார இலாகா போன்றவற்றின் மூலம் பெறலாம். சில சமயம் மாநிலங்களுக்கு முன்பாகவே கூடக் கிடைக்கலாம். ஆனால் நடுவில் இலாகா அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். ஒரு சர்க்காருக்கு இன்னொரு சர்க்காரிடம் பேசத் தரகர் எதற்கு என்று நாம் கேட்கிறோம்.

நிலத்தின் கதை இன்னும் கூர்மையானது. 1963-ல் அல்கட்ராஸ் தீவின் சிறைச்சாலையை மூடினார்கள், தீவு உபரியாயிற்று. 1969 நவம்பர் 20 அன்று பூர்வகுடி மாணவர்களும் குடும்பங்களும் அங்கே இறங்கினார்கள். 24 டாலர் பெறுமான கண்ணாடி மணியும் சிவப்புத் துணியும் விலையாகத் தருகிறோம் என்றார்கள். அவர்களுடைய முன்னோரிடம் மன்ஹாட்டன் தீவை வாங்கியதாகச் சொல்லப்படும் விலை அதுதானே! இந்தக் கிண்டலை ரசிக்காத சர்க்கார் மின்சாரத்தை வெட்டியது, தண்ணீரை நிறுத்தியது. 19 மாதம் தாக்குப் பிடித்தார்கள். 1971 ஜூனில் கடைசியாக இருந்த 15 பேரையும் வெளியேற்றினார்கள். தீவு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் போராட்டம் தீவோடு நிற்கவில்லை. 1970 மார்ச்சில் பெர்னி ஒயிட்பேர் தலைமையில் ஸியாட்டில் நகரத்து லாட்டன் கோட்டைக்குள் புகுந்தார்கள். ராணுவம் வேண்டாமென்று விட்ட இடம் அது. பலர் கைதானார்கள், மறுபடியும் வந்தார்கள். 1971-ல் 20 ஏக்கர் 99 வருஷக் குத்தகைக்குக் கிடைத்தது. கலிபோர்னியாவில் டேவிஸ் நகருக்கருகே ராணுவம் கைவிட்ட தகவல் நிலையத்தைப் பெரிய பல்கலைக்கழகமும் கேட்டது, பூர்வகுடிகளும் மெக்ஸிகோ வம்சத்தவரும் சேர்ந்து கேட்டார்கள். 1970 நவம்பரில் வேலி தாண்டினார்கள்; 1971-ல் நிலம் அவர்கள் கைக்கு வந்தது. அங்கே டி-கியூ பல்கலைக்கழகம் எழுந்தது. நிலம் வந்தது, நடத்தப் போதிய பணம் வரவில்லை. 2005-ல் அங்கீகாரம் போய் வகுப்புகள் நின்றன. இதை மறைக்க வேண்டியதில்லை. உபரியைக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வது சர்க்காருக்குச் சுலபம்.

1975 ஜனவரியில் மற்றொரு சட்டம் வந்தது. ரிசர்வேஷன் எல்லைக்குள் சர்க்காருக்கு வேண்டாத நிலமிருந்தால் அதை விலையில்லாமல் அந்தக் குலத்தின் பேரில் டிரஸ்டாக வைக்க வேண்டும். வரவேற்கத்தக்க சட்டம்தான். ஆனால் எல்லைக்குள் என்கிறார்களே, எந்த எல்லை? எத்தனையோ இடங்களில் உபரி என்று வெட்டியெடுத்தபின் சுருங்கிய எல்லை! ஓக்லஹோமாவில் மட்டும் பழைய ரிசர்வேஷன் எல்லையையும் கணக்கில் கொள்ளும் விதி அச்சட்டத்திலேயே உண்டு. அங்கே முடிகிற காரியம் மற்ற மாநிலங்களில் ஏன் முடியாது? எங்கும் பழைய எல்லையை வைத்தே நிலத்தைக் கணக்கிட வேண்டும். சாமானுக்குக் குல சர்க்கார் கவுண்டியைப் போலவே தன் பேரில் மனுப்போட இடம் வேண்டும். ஏற்றிச் செல்லும் செலவையும் கொடுக்கிற சர்க்காரே ஏற்க வேண்டும்.