இங்கே வெயில், மேலே மழை: அருவிக்குக் கிளம்பும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

சேவுகம்பட்டியில் சுள்ளென்று வெயில். ‘மழையே இல்ல, அருவிக்குப் போலாமா?’ என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு மெசேஜ் வந்தால் போதும், பைக்குகள் கிளம்பிவிடும். ஆனால், பார்க்க வேண்டியது நம் ஊர் வானத்தை அல்ல, மலை உச்சியை.

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அந்த மலைகளில் கொட்டும் மழை, செங்குத்தான ஓடைகளில் சேர்ந்து வேகமாக இறங்குகிறது. டம் டம் பாறையிலிருந்து தெரியும் தலையாறு அருவியின் உயரம் மட்டுமே 297 மீட்டர். அடிவாரத்தில் ஒரு சொட்டு மழை விழாமலேயே வெள்ளம் வரலாம். பெரியகுளம் அருகே கும்பக்கரையில் வனத்துறை அடிக்கடி குளிக்கத் தடை போடுவது இதனால்தான்.

‘முழங்கால் தண்ணிதானே, என்ன ஆகிடும்?’ என்று நினைக்க வேண்டாம். வேகமாக ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே பெரியவர்களையும் சாய்த்துவிடும். 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயது மாணவரின் உயிரைப் பறித்தது.

தண்ணீர் திடீரெனக் கலங்குகிறதா? இலை, குச்சிகள் மிதந்து வருகின்றனவா? மேலிருந்து இரைச்சல் கூடுகிறதா? பை, செருப்பைத் தேடாமல் உடனே மேடான கரைக்கு ஏறிவிட வேண்டும்.

வெள்ளம் மட்டுமே ஆபத்து இல்லை. 2022 ஆகஸ்டில் தாண்டிக்குடி மலைப் பகுதியில் உள்ள புல்லாவெளி அருவியில், படம் எடுப்பதற்காகப் பாறை நுனியில் நின்ற இளைஞர் வழுக்கி விழுந்து இறந்தார். பாசி படிந்த பாறையில் எந்த ஷூவும் கைகொடுக்காது.

பொறுப்பு பயணிகளுக்கு மட்டும்தானா? தடை அறிவிப்பு அருவி வாசலில் தொங்கினால் போதாது. ஐம்பது கிலோமீட்டர் வந்தவர்கள் அதைப் பார்த்துத் திரும்புவதில்லை. வேறு வழியில் காட்டுக்குள் இறங்கத்தான் பார்ப்பார்கள். மலையில் மழை, அருவியில் தடை என்ற தகவல் அன்றன்று காலையிலேயே செல்போனுக்கு வர வேண்டும். காவல் இல்லாத அருவிகளில் தடுப்பும் எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். ஒவ்வொரு உயிர் போன பிறகும் இதையே பேசிக்கொண்டிருக்க முடியாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்பே மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் இதைச் செய்து முடிக்க வேண்டும்.