ஐந்தா, ஆறா?

மத்திய சர்க்கார் 2020-ம் வருஷத்தில் வெளியிட்ட தேசீயக் கல்விக் கொள்கை, ஆறு வயது நிறைந்த பின்னரே குழந்தையை முதல் வகுப்பில் சேர்க்கவேண்டும் என்று வகுத்தது. 2023-ம் வருஷம் பிப்ரவரியில், எல்லா ராஜ்யங்களும் இவ்வயதையே அனுசரிக்கவேண்டுமென்று கடிதமும் எழுதிற்று. தமிழ்நாட்டிலோ ஐந்து வயது நிறைந்த குழந்தையைச் சேர்த்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். ஆகவே, ஐந்தா, ஆறா என்ற விவாதம் எழுந்தது. இதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு என்பது முக்கியமான கேள்விதான். ஆயினும் அதை வேறொரு சமயத்துக்கு ஒதுக்கி வைப்போம். இரு தரப்பாரும் வாதம் செய்கின்றனர். குழந்தையின் தேகமும் புத்தியும் என்ன சாட்சி சொல்கின்றன என்று கேட்டவர் சிலரே.

ஆறு வயதுக்குள் மனித மூளை தன் முழு அளவில் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வளர்ந்துவிடுகிறது. தேகத்தின் கதை அப்படியன்று. மணிக்கட்டிலுள்ள எட்டுச் சிறு எலும்புகள் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்புகள். ஐந்து வயதிலும் அவற்றுள் சில அவ்வாறே இருக்கின்றன. கடைசி எலும்பு உறுதிப்படத் தொடங்குவதற்கு ஒன்பது, பத்து வயதாகிவிடும். எழுதுகோலைப் பிடிக்கும் கை இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் கை என்பதைப் பெற்றோரும் உபாத்தியாயரும் மறக்கலாகாது. களிமண் பிசைந்தும், புளியங்கொட்டை பொறுக்கியும், மணலில் கோடிழுத்தும் பழகிய விரல்களுக்கே எழுத்து எளிதாக வசப்படும்.

புத்தியின் வளர்ச்சிக்கும் படிகள் உண்டு. ஜினீவா நகரத்து அறிஞர் ஜீன் பியாஜே செய்து காட்டிய சோதனை பிரசித்தமானது. அகன்ற பாத்திரத்திலுள்ள தண்ணீரைக் குழந்தையின் கண்ணெதிரே ஒடுங்கி உயர்ந்த பாத்திரத்தில் ஊற்றினால், ஐந்து வயதுக் குழந்தை பெரும்பாலும் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்றே சொல்லும். ஏழு வயதையொட்டி அதே குழந்தை, அளவு மாறவில்லை என்று தானே கண்டுகொள்ளும். இது புத்திக் குறைவன்று, பருவம். நூறு வரை ஒப்பிக்கும் குழந்தை நூறு என்றால் என்னவென்று அறிந்துவிட்டதாக எண்ணி மகிழ்வது பெரியோரின் மயக்கமே.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்ற பழமொழியைச் சொல்லி, மூன்று வயதிலேயே குழந்தையைக் கிண்டர்கார்ட்டனில் உட்காரவைத்து எழுதச் செய்கிறோம். ஐந்தில் வளைவது, அளவுக்கு மீறி வளைத்தால் ஒடியவும் செய்யும் என்பதை நினைப்பதில்லை.

அப்படியானால் ஆறு வயது என்பதே சரியா? பின்லாந்து தேசத்தில் குழந்தை ஏழாவது வயதில்தான் முதல் வகுப்புக்குப் போகிறது. ஆனால் அதற்கு முந்திய வருஷங்கள் அங்கே வீணாவதில்லை; பயிற்சி பெற்றவர்களின் மேற்பார்வையில் விளையாட்டின் வழியே பேச்சும் எண்ணிக்கையும் பழகுகிறது. நம் நிலைமை என்ன? பணமுள்ளவன் குழந்தை ஐந்தாவது வயதைச் சம்பளம் கட்டிய பாடசாலையில் கழிக்கும். ஏழையின் குழந்தைக்கு அங்கன்வாடி ஒன்றே கதி. கைக்குழந்தைகளின் எடையும், கர்ப்பிணிகளின் கணக்கும், பதிவேடுகளும் சுமந்து நிற்கும் அங்கன்வாடி ஊழியர், ஐந்து வயதுக் குழந்தைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்? அங்கன்வாடியைச் சீர்திருத்தாமல் ஆறு என்று விதித்தால், ஏழைக்கு ஒரு வருஷம் நஷ்டம். முதல் வகுப்பைச் சீர்திருத்தாமல் ஐந்து என்று நின்றாலும் நஷ்டம் குழந்தைக்கே.

ஆகாரத்தையும் கவனிக்கவேண்டும். 2019-21-ல் நடந்த தேசீயக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. அன்று கணக்கெடுக்கப்பட்ட அக்குழந்தைகள்தாம் பின்னர் நம் வகுப்புகளில் வந்து அமர்ந்தார்கள். ரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைந்த குழந்தைக்குக் கவனம் நிலைக்காது. அதை மந்தபுத்தி என்று வைவது அநீதி. 2022-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் ஆரம்பித்த காலைச் சிற்றுண்டித் திட்டம், 2023 ஆகஸ்டில் சர்க்கார் ஆரம்பப் பாடசாலைகள் அனைத்துக்கும் விரிந்தது. அதைத் தர்மம் என்று கருதுவோர் தவறுகிறார்கள். அதுவே அன்றைய முதற் பாடம்.

சட்டங்களுக்குக் குறைவில்லை. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாதென்று சென்னை ஹைகோர்ட் 2018 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. அதே வருஷம் நவம்பரில் மத்திய சர்க்காரும் அதையே கூறி, இவ்வகுப்புகளில் புத்தகப் பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டலாகாதென்றது. பாடசாலைக்கு விளையாட்டு மைதானம் வேண்டுமென்று 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் விதித்திருக்கிறது. இப்பருவத்தினர் தினம் ஒரு மணி நேரமாவது ஓடியாடவேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. ஆனால் ஏட்டிலிருக்கும் மைதானத்தில் எந்தக் குழந்தையும் ஓட முடியாது.

ஆகவே நாம் கூறுவது இது: வயதை எண்ணுவதோடு நின்றுவிடாமல், அவ்வயதுக்கேற்ற வகுப்பை அமைக்கவேண்டும். ஐந்து வயதில் சேர்த்தால், முதல் வகுப்பு பாதி விளையாட்டாகவும் பாதிப் பேச்சாகவும் இருக்கட்டும். ஆறு வயதில் சேர்த்தால், அதற்கு முந்திய வருஷத்தை நடத்தத் தேர்ந்த ஆசிரியர் ஒருவரை ஒவ்வோர் அங்கன்வாடிக்கும் சர்க்கார் முதலில் அனுப்பட்டும். கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுக்கள் ஊர்தோறும் இருக்கின்றன. பொதுக் காரியங்களில் ஈடுபட்டோர் அக்கூட்டங்களுக்குச் சென்று, குழந்தை சாப்பிட்டதா, விளையாடியதா, பையின் எடை என்ன என்ற மூன்று கேள்விகளைக் கேட்பார்களாக. சுவரிருந்தால்தான் சித்திரம் எழுதலாம். அச்சுவரை எழுப்புவது குழந்தையின் கடமையன்று, நம் கடமை.