கைத்தொலைபேசி இருக்கக் கமரா எதற்கு?

"கையில் தொலைபேசி இருக்கிறதுதானே, பிறகு கமரா எதற்கு?"

சிறிய கமரா ஒன்று வாங்கித் தருமாறு செய்தியாளர் ஒருவர் தமது நிர்வாகத்துக்கு எழுதினால், இன்று அவருக்குக் கிடைக்கும் பதில் இந்த வினாதான். நான் பணியாற்றிய அலுவலகமொன்றில், பழுதடைந்த கமராவைத் திருத்தும் செலவைக்கூட இதைக் கேட்டே மறுத்தார்கள். வினாவில் நியாயம் இருப்பது போலத் தோன்றும். ஆனால் இது கணக்கு மட்டும் அறிந்தவர்களின் வினா. செய்தித்தொழில் அறிந்தவர்களின் வினா அன்று.

கைத்தொலைபேசியின் பெருமையை நான் மறுக்க வரவில்லை. 2009 ஜனவரியில் நியூயோர்க்கின் ஹட்சன் ஆற்றில் பயணிகள் விமானமொன்று இறங்கியபோது, முதற்படங்களுள் ஒன்றை உலகுக்குத் தந்தது படகில் நின்ற பயணி ஒருவரின் கைத்தொலைபேசியே. 2022 இல் காலிமுகத்திடலில் நிகழ்ந்தவற்றை உலகம் உடனுக்குடன் கண்டதும் அதனால்தான். வேகத்தில் அதனை வெல்ல எதுவுமில்லை. சந்தையும் தீர்ப்பளித்துவிட்டது என்பார்கள். உண்மைதான். 2010 இல் உலகெங்கும் பத்துக் கோடிக்கு மேல் அனுப்பப்பட்ட கொம்பக்ட் கமராக்கள், 2023 இல் இருபது இலட்சத்தையும் எட்டவில்லை. ஆனால் அது பிறந்தநாள் கேக்கையும் சுற்றுலாவையும் படம்பிடிப்போரின் தீர்ப்பு. பத்திரிகைக்கு வேண்டிய படம் வேறு.

முதலில் தூரத்தைப் பாருங்கள். ஆர்ப்பாட்டம், நீதிமன்ற வாசல், விபத்து நடந்த இடம் எதுவாயினும் செய்தியாளர் நிற்கவேண்டிய இடத்தைப் பெரும்பாலும் பொலிஸாரின் நாடாவே தீர்மானிக்கிறது. சாதாரண விலைத் தொலைபேசியில் தூரக்காட்சிக்கான வில்லை இல்லை. விரலால் திரையை விரித்தால் படம் கிட்ட வருவதில்லை, வெட்டப்படுகிறது. 12 மில்லியன் புள்ளிகள் கொண்ட படத்தை நான்கு மடங்கு பெருப்பித்தால், எஞ்சுவது பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஏழரை இலட்சம் புள்ளிகள். அங்குலத்துக்கு 200 புள்ளி என்ற கணக்கில் அச்சிட்டால் ஐந்து அங்குல அகலத்துக்குத்தான் அது தாங்கும். முதற்பக்கத்தில் நான்கு பத்தி அகலத்துக்கு அதை இழுத்துவிட்டு, "படம் தெளிவில்லையே" என்று செய்தியாளரைக் கடிந்துகொள்பவர்களும் இதே நிர்வாகிகள்தாம்.

இரண்டாவது, உண்மை. நல்ல தொலைபேசி இன்று படத்தை எடுப்பதில்லை, ஆக்குகிறது. ஒரு தடவை அழுத்தினால் பல பிரதிகளை எடுத்து, அவற்றை ஒன்றாக்கி, இருட்டை வெளிச்சமாக்கி, முகத்தை மெழுகித் தருகிறது. 2023 மார்ச்சில் ஒருவர், வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலவின் படத்தைக் கணினித் திரையில் வைத்து சம்சுங் தொலைபேசியால் எடுத்துக் காட்டினார். திரையில் இல்லாத நுணுக்கங்கள் தொலைபேசியின் படத்தில் இருந்தன! கூகுள் நிறுவனமோ 2021 முதல், படத்தில் நிற்கும் வேண்டாதவரை விரலால் அழிக்கும் வசதியைத் தருகிறது. ஆனால் 2014 இல் ஏ.பி. செய்தி நிறுவனம், சிரியப் போர்ப் படமொன்றின் மூலையில் கிடந்த வீடியோக் கமராவை அழித்தமைக்காக, புலிட்சர் பரிசு பெற்ற படப்பிடிப்பாளர் ஒருவருடனான உறவையே முறித்துக்கொண்டது. அன்று அவரது தொழிலைப் பறித்த செயல் இன்று விளம்பரத்துக்குரிய வசதியாகிவிட்டது.

கமராவுக்குள்ளும் கணினிதானே இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆயினும் வில்லையூடாக வந்த ஒளியை அப்படியே பதிந்த மூலக்கோப்பை அது தனியே வைத்திருக்கும். சந்தேகம் வந்தால் எடுத்துக் காட்டலாம். சில தொலைபேசிகளும் அதைச் செய்யும். ஆனால் நம்மவர் படம் அனுப்பும் வழி வட்ஸ்அப். வழமைபோல் அனுப்பினால் அது படத்தைச் சுருக்கும். எடுத்த நேரத்தையும் இடத்தையும் கூறும் பதிவுகளையும் உரித்துவிடும். செய்தி ஆசிரியரின் மேசைக்கு வந்து சேர்வது பிறப்புச் சான்றிதழ் இல்லாத படம்.

இதெல்லாம் அளவுக்கு மிஞ்சிய கவலை என்பவர்களுக்குத் திருகோணமலையை நினைவூட்டுகிறேன். 2006 ஜனவரி 2 ஆம் திகதி அங்கே கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். குண்டு வெடித்தே அவர்கள் இறந்தனர் என்று படைத்தரப்பு முதலில் கூறியது. 'சுடர் ஒளி' வெளியிட்ட படங்கள் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அப்படங்களை எடுத்த செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அதே மாதம் 24 ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். ஒரு படம் சாட்சியாக நிற்பதன் விலை அது. அத்தகைய படமொன்று நாளை வெளிவந்தால், "தொலைபேசி தானாக வரைந்தது" என்று சொல்லித் தப்புவதற்கு யாருக்கும் நாமே வழி திறந்துவிடலாமா?

மூன்றாவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது. கமராவைப் பறித்தால் அன்றைய படங்கள் போகும். தொலைபேசியைப் பறித்தால் என்ன போகும்? உங்களுக்குத் தகவல் தந்தவர்களின் பெயர்கள், இலக்கங்கள், அவர்கள் அனுப்பிய குரற்பதிவுகள், நீங்கள் நின்ற இடங்கள், உங்கள் பிள்ளையின் பாடசாலை எல்லாம் ஒரே கையில் போய்ச்சேரும். வடக்கிலும் கிழக்கிலும் செய்தி சேகரித்த எவருக்கும், "எடுத்ததைக் காட்டு" என்று யாரேனும் கைநீட்டும் அந்தக் கணம் புதிதன்று. அக்கணத்தில் நீட்டுவதற்குக் கையில் கமரா இருப்பதும், முழு வாழ்க்கையும் அடங்கிய தொலைபேசி இருப்பதும் ஒன்றல்ல. நம்மை நம்பிப் பேசிய ஒரு தாயின் பாதுகாப்பைக் கமராவின் விலையோடு எப்படி ஒப்பிடுவது?

இன்னொன்றும் உண்டு. கமராவைத் தூக்கினால் எதிரில் நிற்பவருக்குத் தெரியும். வேண்டாம் என்று அவர் கைகாட்டலாம். தொலைபேசியைப் பிடித்திருப்பவர் பேசுகிறாரா, படம் எடுக்கிறாரா என்பது யாருக்கும் தெரியாது. மரணவீட்டில் நிற்கும் செய்தியாளருக்கு இந்த வேறுபாடு விளங்கவேண்டும்.

சிக்கனம் என்ற வாதத்துக்கு வருவோம். 2013 மே மாதத்தில் அமெரிக்காவின் 'சிக்காகோ சன்-ரைம்ஸ்' தனது படப்பிடிப்பாளர் 28 பேரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, செய்தியாளருக்கு ஐபோனில் படமெடுக்கப் பயிற்சி அளித்தது. பின்னர் தொழிற்சங்கத்துடன் உடன்பட்டு நால்வரைத் திருப்பி எடுக்க நேர்ந்தது. அங்கே பயிற்சியாவது கொடுத்தார்கள். இங்கே பிரதேச செய்தியாளர்களுள் பெரும்பாலோர் வெளியாகும் செய்திக்கு இவ்வளவு என்று கொடுப்பனவு பெறுவோர். தொலைபேசியும் அவர்களுடையது, அதன் டேட்டாவும் அவர்களுடையது. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியபோது அந்தச் சுமையும் அவர்களுடையதே. நிர்வாகம் சிக்கனம் என்று கூறுவது தனது செலவை ஏழைச் செய்தியாளரின் சட்டைப்பையில் போடுவதைத்தான்.

எந்தக் கமராவும் நல்லது என்று நான் சொல்லவில்லை. மலிவான பழைய கொம்பக்டுகளின் ஒளியுணரி சுமார் 6 மில்லிமீற்றர் அகலமே. நல்ல தொலைபேசி அதை இன்று வென்றுவிடும். அதை வாங்குவது வீண். 'ஒரு அங்குலம்' எனப்படும் வகை ஏறத்தாழ 13 மில்லிமீற்றர் அகலமுடையது. பரப்பில் நான்கு மடங்கு. 2012 இல் சொனியின் ஆர்.எக்ஸ். 100 தொடக்கிவைத்த வரிசை அது. கனனும் பனசோனிக்கும் இதே அளவில் செய்தன. காற்சட்டைப் பையில் அடங்கும். பாவித்த நிலையில் வாங்கினாலும் பல ஆண்டு உழைக்கும். ஆளுக்கொன்று வேண்டாம்; பிரதேசக் காரியாலயத்துக்கு இரண்டு போதும். வேகத்துக்குத் தொலைபேசி, சாட்சிக்குக் கமரா என்று பிரித்துக்கொள்ளட்டும்.

இதையும் வாங்க முடியாது என்று சொல்லும் நிர்வாகங்கள் ஒன்றை மட்டும் செய்யட்டும். முதற்பக்கத்தில் தம் பெயருக்குக் கீழே போட்டுக்கொள்ளும் 'உண்மையின் குரல்' போன்ற வாசகங்களை எடுத்துவிடட்டும். அதற்குச் செலவு எதுவும் இல்லை.