தனியாருக்குக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

இங்கே மஸ்கட்டில் சித்தூர்ப் பக்கத்துத் தமிழர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் ஆஸ்பத்திரியில் வந்து நிற்கும். ஊரில் அப்பா அம்மாவுக்கு வயதாகிறது, வேறென்ன பேசுவோம்? கடைசியில் யாராவது ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "கவர்மென்ட் ஆஸ்பத்திரியெல்லாம் வேஸ்ட் சார், மொத்தத்தையும் பிரைவேட்டுக்குக் கொடுத்துடணும். வேலூர் சி.எம்.சி. மட்டும் இல்லேன்னா நம்ம கதி என்ன?" எல்லோரும் தலையாட்டுவார்கள். என்னால் முடியவில்லை. அதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் சி.எம்.சி.யையே எடுத்துக்கொள்வோம். 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தது. மிஷன் காசு, நன்கொடைக் காசு. பங்குதாரருக்கு டிவிடெண்ட் கொடுக்கிற கம்பெனியா அது? அதைக் கொண்டுவந்து லாப வியாபாரத்துக்குச் சாட்சி சொல்லவைப்பது எந்த ஊர்க் கணக்கு?

நம்ம மாவட்டத்துக்கு வாங்க. மதனப்பள்ளி 2022 வரை சித்தூர் மாவட்டம்தான். அங்கே ஆரோக்கியவரத்தில் 1915-இல் காசநோய் சானடோரியம் திறந்தார்கள். பல மிஷன்கள் கூட்டுச் சேர்ந்து நடத்தியது. பெயரிலேயே "யூனியன்" இருந்தது. தலைமை மருத்துவர் ஃப்ரிமோட் மோலர், டென்மார்க்காரர். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, இவைதான் வைத்தியம். மாதக்கணக்கில் படுத்திருக்கும் நோயாளியிடம் என்ன லாபம் பார்க்க முடியும்? 1948-இல் இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசியை முதன்முதலாகப் போட்டுப் பார்த்த இடங்களில் மதனப்பள்ளியும் ஒன்று. உங்கள் தோளில் இருக்கிறதே வட்டத் தழும்பு, அதே ஊசி.

திருப்பதியில் மருத்துவக் கல்லூரி 1960-இல் வந்தது. அதோடு சேர்ந்த ரூயா ஆஸ்பத்திரி பம்பாய் வணிகக் குடும்பத்தின் பெயரைத் தாங்குகிறது, ஆனால் அரசு ஆஸ்பத்திரி. பணக்காரர் பெயர் வாசலில், நிர்வாகம் பொதுவில். இதையும் தனியார் பங்களிப்பு என்றுதான் சொல்லவேண்டும், இல்லையா? :-) என்.டி.ஆர். எண்ணத்தில் உருவாகி 1993-இல் திறக்கப்பட்ட ஸ்விம்ஸ் தேவஸ்தானத்தின் ஆதரவில் வளர்ந்தது. அதாவது மொட்டை போட்டுவிட்டு நீங்களும் நானும் உண்டியலில் போட்ட காசு.

"2021-இல் அதே ரூயாவில் என்ன நடந்தது?" என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். மே 10 இரவு ஆக்ஸிஜன் டேங்கர் தாமதமாகி, அழுத்தம் குறைந்து, 11 பேர் இறந்ததாக அரசே சொன்னது. அதை யாரும் பூசி மெழுக வேண்டாம். ஆனால் அதற்குச் சில வாரம் முன்பிருந்தே தில்லியின் பெயர்பெற்ற தனியார் ஆஸ்பத்திரிகளிலும் ஆக்ஸிஜன் இல்லாமல் ஜனங்கள் செத்தார்கள். அங்கே பில் மட்டும் லட்சத்தில்.

இப்போது விஷயம். 2025 செப்டம்பரில் ஆந்திர அமைச்சரவை 10 புதிய மருத்துவக் கல்லூரிகளை அரசு–தனியார் கூட்டில் கொண்டுவர முடிவெடுத்தது. முதல் நான்கில் மதனப்பள்ளியும் உண்டு! கையில் பணம் இல்லை, சீக்கிரம் முடியவேண்டும் என்பது அரசின் வாதம். பணம் இல்லை என்பதை நான் நம்புகிறேன். ஆனால் நிலம் நம்முடையது, நோயாளியும் நம்மவர். இவ்வளவையும் போட்டவனுக்கு எவ்வளவு பங்கு, எத்தனை படுக்கை இலவசம், வாக்குத் தவறினால் திரும்ப எடுக்க யாருக்கு அதிகாரம்? ஒரு லாரிக்குக் கடன் கொடுக்கும்போதே இத்தனை கேள்வி கேட்கிறோம். ஆஸ்பத்திரியைக் கொடுக்கும்போது மட்டும் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?

அந்த ஒப்பந்தத்தின் நகல் ஊரில் யாருக்காவது கிடைத்தால் அனுப்பச் சொல்லுங்கள், தெலுங்கில் இருந்தாலும் பரவாயில்லை. உட்கார்ந்து வரிவரியாகப் படித்து எழுதுகிறேன். இருபது வருடமாகப் பத்திரம் படிப்பதுதானே பிழைப்பு.