ஒளியும் மருந்தே, ஆயினும்...

ஒளியை மருந்தாகக் கொள்வது நமக்குப் புதிதன்று. பச்சிளங் குழந்தையை இளவெயிலிற் காட்டும் வழக்கத்தை நாம் நன்கறிவோம். டென்மார்க்கில் தோலைப் பற்றும் காசநோய்க்கு ஒளியினாற் சிகிச்சை செய்த நீல்ஸ் பின்சென் 1903 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். 1967 இல் ஹங்கேரிய வைத்தியர் எண்ட்ரே மெஸ்டர், மயிர் மழித்த சுண்டெலிகளின் மேல் மெல்லிய லேசர் ஒளியைச் செலுத்தியபோது மயிர் விரைந்து வளரக் கண்டார். பின்னர் ஆறாப் புண்களிலும் அதனைச் சோதித்தார். செந்நிற ஒளி உயிரணுக்களின் சக்தி உற்பத்தியைத் தூண்டுகிறது என்பதே இதற்குக் கூறப்படும் விளக்கம்.

இருதயக் கருவியைக் கிருமி பற்றியதால் உண்டாகும் புண்ணுக்கும் இவ்வொளி உதவுமா என்பதே இன்று நாம் நோக்குவது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் 'பேஸ்மேக்கர்' துணையுடன் நலமே வாழும் முதியோர் உளர். 1958 இல் சுவீடனில் ஆர்னே லார்சனுக்கு முதன்முதலாகப் பொருத்திய கருவி சில மணி நேரமே இயங்கிற்று. எனினும் அடுத்தடுத்து வந்த கருவிகள் அவரை 2001 வரை வாழ்வித்தன. பெரும்பாலும் காறையெலும்பின் கீழே, தோலுக்கடியில் வைக்கப்படும் இக்கருவியைக் கிருமி பற்றுவது அரிது, பற்றினாலோ பேராபத்து. கருவியின் மேற் படலமாய்ப் படிந்த கிருமியை மருந்து மட்டும் முற்றாக அழிப்பதில்லை. கம்பி வழியே அது இருதயத்தையும் எட்டலாம். ஆதலின் கருவியையும் கம்பிகளையும் அகற்றிக் கிருமியை ஒழித்தபின், தேவையாயின் வேறிடத்திற் புதியதைப் பொருத்துவதே வைத்திய நெறி. அகற்றியபின் எஞ்சும் புண்ணை ஆற்றுவதில் ஒளி ஒரு துணையாகலாம். அதற்கும் பெரிய ஆய்வுகளின் சான்று இன்னும் போதாது. சிகிச்சைக்கு அது ஒருபோதும் ஈடாகாது.

நம்மவரிடையே ஒரு குணமுண்டு. கடல் கடந்த பிள்ளைகள் தொலைபேசியில் வினவினால், நோவை மறைத்து, "ஒன்றுமில்லை, சுகமாயிருக்கிறோம்" என்பர் பெற்றோர். அன்பினால் விளையும் இம்மறைப்பு இங்கே உயிருக்கே உலையாகலாம். கருவியின் மேல் தோல் சிவந்தாலோ, வீங்கினாலோ, மெலிந்து பளபளத்தாலோ, நீர் கசிந்தாலோ, மஞ்சள் பூசியும் கடையிற் கிடைக்கும் சிவப்பு விளக்கைப் பிடித்தும் நாட் கடத்தலாகாது. முன்னர் மிஞ்சிய மாத்திரைகளை விழுங்குவதும் தவறு. கருவி பொருத்திய வைத்தியரிடமோ, கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கோ அன்றே செல்லுதல் வேண்டும். இவ்விரு பகுதியினருக்கும் அது தொலைவன்று.

இதிலே மாணவருக்கும் ஒரு பங்குண்டு. குளித்துவரும் தாத்தாவின் மார்பை வாரம் ஒருமுறை பேரப்பிள்ளைகள் உற்றுப் பார்க்கட்டும். அப்பார்வையைக் காட்டிலும் விரைந்துதவும் ஒளி வேறில்லை.